ஆறே மூவ்... ஆள் அவுட்!

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே கால். வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. செல்போன் திரையில் என் கறுப்பு ராஜா, தன் சொந்தப் படைக்கு நடுவிலேயே மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார். பத்து நிமிஷ ஆட்டத்தில் என் கடிகாரத்தில் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் பாக்கி. மொத்தம் ஆறே மூவ்!

எதிராளி யார் என்று தெரியாது. பெயருக்குப் பதில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு வால். பக்கத்தில் குட்டியாக பிலிப்பைன்ஸ் கொடி. ரேட்டிங் ஆயிரத்துச் சொச்சம். என்னுடையதும் அதே ஆயிரத்துச் சொச்சம்தான். அதாவது, செஸ் உலகில் எங்கள் இரண்டு பேருக்குமே தெருமுனை டீக்கடை பெஞ்சில் இருக்கிற அளவு மரியாதை.

மின்னல் வேகத்தில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், நான் ஆடியது காரோ-கான் டிஃபென்ஸ் சார்! 'பாறை மாதிரி இருக்கும், யாராலும் அசைக்க முடியாது' என்று சொல்லித்தான் என் தலையில் அதைக் கட்டினார்கள். கட்டியவர் எங்கள் ஆபீஸ் நண்பர். லஞ்ச் டயத்தில் தயிர்சாத டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு, "சிசிலியன் எல்லாம் சின்னப் பசங்க ஆடறதுப்பா. ஆயிரம் வேரியேஷன் மனப்பாடம் பண்ணணும். குடும்பஸ்தனுக்கு காரோ-கான்தான் சரி. இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி!" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வெள்ளை முதல் மூவில் ராஜா முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4-ல் நிறுத்துகிறது. நாம் அலட்டிக்கொள்ளாமல் சி வரிசைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி சி6-ல் வைக்கிறோம். பார்ப்பதற்குப் பயந்தாங்கொள்ளி மூவ். ஆனால் அடுத்த மூவில் டி5-க்கு இன்னொரு சிப்பாய் போய், 'என்னப்பா விஷயம்?' என்று வெள்ளையின் சட்டையைப் பிடிக்கும். அதை அடித்தால், சி6 சிப்பாய் திருப்பி அடிக்கும். பிரெஞ்ச் டிஃபென்ஸிலும் இதே கதைதான். ஆனால் அங்கே இ6 சிப்பாய் நம் வெள்ளைக் கட்ட பிஷப்பின் வழியை அடைத்துவிடும். பாவம், அது ஆட்டம் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். காரோ-கானில் அதற்குக் கதவு திறந்தே இருக்கும். ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இரண்டு பேர் 1886-ல் இதை அலசி எழுதினார்கள். பேர் நிலைத்துவிட்டது. 1958-ல் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தைத் திரும்பப் பிடித்தபோது போட்வின்னிக் கையில் எடுத்த ஆயுதங்களில் இதுவும் ஒன்று.

போட்வின்னிக்குக்குக் கை கொடுத்தது எனக்குக் காலை வாரிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். வீட்டில் செஸ் போர்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சே நிமிஷம்தான்.

ஒன்று: வெள்ளை இ4, நான் சி6. இரண்டு: வெள்ளை டி4, நான் டி5. மூன்று: வெள்ளை, இ4 சிப்பாய்க்குத் துணையாகக் குதிரையை சி3-ல் நிறுத்த, நான் அந்தச் சிப்பாயை வெட்டினேன். நான்கு: வெள்ளைக் குதிரை என் சிப்பாயை வெட்டிக்கொண்டு இ4-ல் வந்து உட்கார்ந்தது. நான் ராணிப் பக்கத்துக் குதிரையை டி7-க்குக் கொண்டுவந்தேன்.

இந்த டி7 குதிரைக்கு ஒரு வேலை உண்டு. அடுத்து இன்னொரு குதிரையை எஃப்6-ல் நிறுத்தணும். அதை வெள்ளை வெட்டினால், டி7 குதிரை ஓடிவந்து அந்த இடத்தில் உட்காரும். சிப்பாய் வரிசை கலையாது. ஒருத்தர் லீவு போட்டால் அந்த சீட்டுக்கு இன்னொருத்தர் ரெடி. அருமையான ஏற்பாடு இல்லையா?

ஐந்தாவது மூவில் எதிராளி ராணியை இ2-ல் வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணியை அங்கே வைத்தால் அவருடைய பிஷப்புக்கே வழி அடைபட்டுப் போகுமே! 'ஆள் கத்துக்குட்டி' என்று தீர்ப்பு எழுதிவிட்டு, படித்து வைத்திருந்தபடி அடுத்த குதிரையை எஃப்6-க்குத் தட்டினேன். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு செகண்ட்.

வெள்ளைக் குதிரை இ4-லிருந்து டி6-க்குத் தாவியது. 'செக்மேட்' என்றது போன்.

நான் நம்பவில்லை. அதென்ன, என் இ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டலாமே! விரலால் இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். ஊஹும். போன் ரிப்பேர் என்றே நினைத்தேன். சத்தியமாக!

"பதினோரு மணிக்கு யாரோட சண்டை?" என்று இருட்டிலிருந்து வீட்டம்மா குரல்.

"பிலிப்பைன்ஸ்காரனோட."

"அவனாவது ஜெயிச்சானா?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு. இந்தக் காலத்து மெட்ராஸ் பையன்கள் எல்லோரையும் போல அவனும் செஸ் கிளாஸ் போகிறான். ஆனந்த் வளர்ந்த ஊர். அதே ஊரில் பிறந்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். நானும் அதே மெட்ரோ வாட்டர்தான் குடிக்கிறேன். சிலருக்குத்தான் ஒட்டும்போல!

போனைக் காட்டினேன். பையன் ஒரு தடவைதான் பார்த்தான்.

"மாமா... அந்த இ7 சிப்பாய் 'பின்' ஆயிருக்கு மாமா. வெள்ளை ராணி இ2-ல இருக்கா? நேரே மேலே பாருங்க, உங்க ராஜா இ8-ல. நடுவுல ஒரே ஒரு சிப்பாய். அது நகர்ந்தா ராணி நேரா ராஜாவை அடிக்கும். அதனால நகரவே கூடாது."

"முந்தின மூவ்ல இல்லாத பின் எங்கேடா வந்தது?"

"குதிரை இ4-ல நின்னு ராணியை மறைச்சுட்டிருந்தது. அது டி6-க்குத் தாவினதும் திரை விலகிருச்சு!"

பிறகு ராஜா ஏன் தப்பி ஓட முடியவில்லை என்று ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டினான். டி8-ல் என் ராணி. எஃப்8-ல் என் பிஷப். இ7, எஃப்7 இரண்டிலும் என் சிப்பாய்கள். மிச்சம் இருந்த ஒரே சந்து டி7. அதிலும் நானே கொண்டுபோய் நிறுத்திய குதிரை. அந்தக் குதிரை மட்டும் அங்கே இல்லாவிட்டால் என் ராணியே டி6-ல் குதித்து எதிரிக் குதிரையை விழுங்கியிருப்பாள். ராஜாவைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் நம்ம ஆட்கள். ஒருத்தராலும் உபயோகமில்லை. (எங்கள் ஆபீஸ் ஆடிட் சமயம் ஞாபகத்துக்கு வந்தது. விடுங்கள்.)

என் முகத்தைப் பார்த்துப் பையனுக்கே பரிதாபமாகிவிட்டது. "ஃபீல் பண்ணாதீங்க மாமா, இதுல பெரிய ஆளுங்களே விழுந்திருக்காங்க" என்று ஆரம்பித்தான். எஸ்டோனியாவின் மேதை பால் கெரஸ், 1950-ல் போலந்தில் நடந்த ஒரு டோர்னமென்ட்டில் அர்லமோவ்ஸ்கி என்பவரை இதே ஆறு மூவில், இதே ராணி இ2, இதே குதிரை டி6 என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1935-ல் மயோர்க்கா தீவில் அலெகின் ஒரே சமயத்தில் பலரோடு ஆடியபோது, ஒரு போர்டில் நாலு அமெச்சூர்கள் கூடிக் கலந்து பேசி ஆடினார்களாம். நாலு தலை, எட்டுக் கண். ஆறாவது மூவில் காலி!

அது கேட்டதும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

அடுத்து அவன் சொன்னது இன்னும் இதம். 1997 மே 11. நியூயார்க். காஸ்பரோவுக்கும் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் டீப் ப்ளூவுக்கும் ஆறாவது, கடைசி ஆட்டம். ஸ்கோர் இரண்டரைக்கு இரண்டரை. காஸ்பரோவ் என்றால் சிசிலியன். அன்றைக்கென்று பார்த்து, அமைதியாகப் போகலாம் என்று காரோ-கானை எடுத்தார். முதல் நாலு மூவ் அப்படியே என் ஆட்டம்! அதே டி7 குதிரை! ஏழாவது மூவில் ஹெச்6 சிப்பாயைத் தள்ளினார். டீப் ப்ளூ சட்டென்று ஒரு குதிரையை இ6-ல் பலி கொடுத்து ராஜாவின் கோட்டையைப் பிளந்தது. அந்தப் பலி புதிதல்ல. ஏற்கெனவே செஸ் உலகம் அறிந்த அடிதான். டீப் ப்ளூவின் ஓப்பனிங் பட்டியலிலும் அதை ஏற்றி வைத்திருந்தார்கள். 19 மூவில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகச் சாம்பியனை முதல் முறையாக ஒரு மேட்சில் மிஷின் ஜெயித்தது அப்படித்தான்.

"அப்போ நானும் காஸ்பரோவும்..."

"அவர் 19 மூவ் மாமா. நீங்க ஆறு" என்றான் பையன்.

மருந்தும் கொடுத்தான். ராணி இ2-க்கு வந்தால் பதறாதே. ராஜா பக்கத்துக் குதிரையைத் தொடாதே. டி7-ல் இருக்கிற குதிரையையே எஃப்6-க்கு நகர்த்து. டி7 காலி, ராணிக்கு வழி திறந்தாச்சு, மேட் இல்லை. தீர்ந்தது விஷயம்! இன்னொன்றும் சொன்னான். "அஞ்சாவது மூவ்ல நீங்க போர்டைப் பார்க்கலை மாமா. மனசுக்குள்ள இருக்கிற நோட்டைப் பார்த்து ஆடினீங்க." பதினாலு வயசுப் பையன் சொல்கிற பேச்சா இது? கன்னத்தில் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அதே ஆசாமிக்கு சவால் அனுப்பினேன். உடனே ஒப்புக்கொண்டார். எனக்குக் கறுப்பு.

இ4. சி6. டி4. டி5. குதிரை சி3, வெட்டு, வெட்டு. நான் வேண்டுமென்றே குதிரையை டி7-ல் வைத்தேன். அவரும் வேண்டுமென்றே ராணியை இ2-ல் வைத்தார். என் கை தானாக ராஜா பக்கத்துக் குதிரைக்குப் போனது. நிஜம்! பழக்கம் என்பது அப்படி ஒரு சனியன். விரலை மடக்கிக்கொண்டு, டி7 குதிரையை எடுத்து எஃப்6-ல் வைத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பத்து செகண்ட் நிசப்தம். அந்தப் பத்து செகண்டுக்காகவே அந்த ஆட்டம் தகும்.

பிறகு நடந்ததெல்லாம் அமெச்சூர் ஆட்டம். இரண்டு பேருமே தப்புப் பண்ணினோம், இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. நல்ல வேளையாக, என் வெள்ளைக் கட்ட பிஷப் புத்தகத்தில் சொன்னபடி சமயத்தில் வெளியே வந்து உருப்படியாக வேலை பார்த்தது. யானைகள் ஒன்றையொன்று வெட்டி ஒழிந்தன. கடைசியில் இரண்டு ராணிகள், சில சிப்பாய்கள். எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். பேராசை விடுமா? சி3-ல் இருந்த இன்னொரு சிப்பாயையும் என் ராணியால் லபக்கென்று சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் போர்டைப் பார்த்தேன்.

என் ராஜா ஹெச்7-ல் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஹெச் வரிசையில் சிப்பாயே இல்லை, எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது. எஃப் வரிசைச் சிப்பாயை எஃப்5 வரை தள்ளியிருந்தேன். வெள்ளை ராணி இ2-விலிருந்து கோணலாக ஓடி ஹெச்5-ல் வந்தால் செக். நான் ஜி8-க்கு ஒதுங்கணும். ராணி இ8-க்குப் போகும், மறுபடி செக். நான் ஹெச்7. ராணி ஹெச்5. விடியவிடிய இதேதான்! பெர்பெச்சுவல் செக். இரண்டு சிப்பாய் அதிகம் வைத்துக்கொண்டு டிரா! இதற்குள் என் கடிகாரத்தில் 41 செகண்ட். அவரிடம் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல்.

அவரும் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளை ராணி கோணல் பாதையில் கிளம்பியது. கிளம்பிய ராணி, ஹெச்5-க்கு ஒரு கட்டம் முன்னாலேயே ஜி4-ல் தொப்பென்று இறங்கிவிட்டது. செக் இல்லை, ஒன்றுமில்லை. பக்கத்தில் எஃப்5-ல் என் சிப்பாய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

விரல் வழுக்கல்! செல்போனில் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். நாலைந்து அங்குல அகலத்துக்குள் அறுபத்து நாலு கட்டம். கட்டைவிரலுக்குக் கீழே ராணி எங்கே இருக்கிறாள் என்று ராணிக்கே தெரியாது.

அந்தச் சிப்பாயால் ராணியை எடுத்தால் ஆட்டம் என்னுடையது. எடுப்பதில் எந்த விதி மீறலும் இல்லை. சின்ன வயசில் திண்ணையில் ஆடும்போதே 'தொட்டா ஆடணும்' என்று சட்டையைக் கிழித்துக்கொண்ட பரம்பரை நாம். ஆனால், அவர் எங்கே வைக்க நினைத்தார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அக்கா பையன் சொன்ன இன்னொரு கதை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. 2020-ல் ஒரு ஆன்லைன் போட்டி. கார்ல்சனுக்கு எதிரே சீனாவின் டிங் லிரென். டிங்குக்கு நடு ஆட்டத்தில் இன்டர்நெட் அறுந்து, அந்த ஆட்டம் போயிற்று. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் ஆரம்ப மூவ்களிலேயே தன் ராணியை வேண்டுமென்றே தூக்கிக் கொடுத்து, தோல்வியை ஒப்புக்கொண்டு கணக்கைச் சரி செய்தார். உலகச் சாம்பியன்! அவருக்கு ஆயிரம் ஆட்டம் இருக்கிறது, கொடுப்பார். எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் போனது இந்த ஓர் ஆட்டத்துக்காக.

34 செகண்ட்... 29... 25...

திரையின் ஓரத்தில் இருந்த 'டிரா' பட்டனை அழுத்தினேன்.

பதில் வரவில்லை. கடிகாரம் என்னுடையது, அது பாட்டுக்கு ஓடுகிறது. 18... 15... டிரா நிராகரிக்கப்பட்டது! கீழே இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. 'என் விரல் பண்ணிய தப்பு, எடுத்துக்கொள்' என்கிற அர்த்தத்தில்.

எடுத்தேன். 12 செகண்ட்.

இப்போது என்னிடம் ராணி. அவரிடம் ராஜாவும் சில சிப்பாய்களும் மட்டும். நிதானமாக ஆடினால் குழந்தைகூட ஜெயிக்கும். ஆனால் நேரம்? ஒவ்வொரு மூவுக்கும் ஒரு செகண்ட் வீதம் கூட்டிக் கொடுக்கிற வகை ஆட்டமும் உண்டு. இது அதில்லை. என் நேரம் தீர்ந்துபோனால் நான் தோற்றேன் என்றுதான் எழுதும். அவரிடம் ஒரு சிப்பாய் மிச்சமிருந்தாலும் போதும். அது ராணியாகி மேட் பண்ண வாய்ப்பு உண்டு என்று கணக்கு.

விரல் நடுங்க ஆடினேன். செக். 10. செக். 8. ஒரு சிப்பாயை வெட்டினேன். 7. அவசரத்தில் ஸ்டேல்மேட் ஆகிவிடுமோ என்று ஒரு பயம் வேறு. 5. ஒரு அசட்டு செக். 4. மேட் கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை. 3...

அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ராஜாவை அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டு மூன்று செகண்ட் பொறுத்தால் போதும்.

திரையில் ஒரு பெட்டி குதித்தது. 'எதிராளி டிரா கேட்கிறார். சம்மதமா?'

அந்த ராத்திரி நான் யோசிக்காமல் அழுத்திய ஒரே பட்டன் அதுதான். ஆளுக்கு அரைப் புள்ளி. ரேட்டிங் மாற்றம்: பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பையனிடம் காட்டினேன். செஸ் என்ஜினைப் போட்டு ஓட்டினான். (ஆட்டம் முடிந்த பிறகுதான்! நடுவில் அதைப் பார்த்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெயித்த ராத்திரி எப்படித் தூக்கம் வருகிறதோ?) சி3 சிப்பாயைத் தின்ற இடத்தில் என்ஜின் பளிச்சென்று ஜீரோ காட்டியது. அங்கே ஆட்டம் டிராதான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பையன் தலையைத் தூக்கினான்.

"மாமா, ஒரு ராணி முழுசா எக்ஸ்ட்ரா வெச்சுக்கிட்டு டிராவா?"

"ஆமாண்டா."

"பிலிப்பைன்ஸ் மாமா நல்லவர் போல!"

ஆபீஸ் நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பார்த்தியா, நான் சொல்லலே? காரோ-கான் கைவிடாது!" என்று தயிர்சாதத்தில் ஊறுகாயைக் குழைத்தார். அவரிடம் ஆறு மூவ் கதையை இன்னும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, போன் 'டிங்' என்றது. பிலிப்பைன்ஸ் கொடி. சவால். எனக்குக் கறுப்பு.

இ4. சி6. டி4. டி5. குதிரை, வெட்டு, வெட்டு. டி7-ல் என் குதிரை.

ஐந்தாவது மூவ். ராணி இ2!

சிரித்துவிட்டேன். "என்னவாம் இந்த நேரத்துல?" என்றது இருட்டு.